பதினெட்டு மில்லிமீட்டர்

கட்டேத்தேயிலிருந்து சோளமூட்டை லாரியில்
ஸெலேஸி ஞோவு வந்து சேர்ந்தபோது மணி நான்கு.
சிப்பாத்தாவில் அன்று மின்சாரம் இருந்தது.
அதைச் சொல்லியாக வேண்டும்;
இல்லாவிட்டால் படமும் இல்லை, இதுவும் இல்லை.

இடது முழங்கையிலிருந்து விரல்வரை வெந்த தோல்.
சீமா கிண்டிக்கொண்டிருந்தவள்
அடுப்பின்மேல் சாய்ந்திருக்கிறாள்.
கூன்யு, கூன்யு என்று கத்திக் கலைந்தது வாசல்.
வலிப்பில் வழியும் நுரை பட்டால்
பட்டவருக்கும் வருமென்று அங்கே பேச்சு.

நான் படமெடுப்பவன்.
பெயர் சூட்டுவது டாக்டர் வேலை.
டாக்டர் வெள்ளிக்கிழமை வருவார்.
இன்று திங்கள்.

"முதலில் எது துடிக்கும்?"
இடது கட்டைவிரலைக் காட்டினாள்.
"யாரையோ கூப்பிடுகிற மாதிரி மடங்கும்.
அப்புறம் எனக்குத் தெரியாது."
இடக்கையின் கடிவாளம் வலப்பக்கத்து மூளையில்.
அங்கே தேடினேன்.

மருந்து நரம்பில் ஏறியதும்
இருட்டுக்குள் ஒரு வளையம் வெளிச்சமானது.
சுற்றிலும் வீக்கம்,
நனைந்த காகிதத்தில் மை ஊறியதுபோல்.
குறுக்களவு பதினெட்டு.

வளையம் போடத் தெரிந்தவர்கள் பலர்.
காசநோய் போடும். இரவில் வியர்க்கிறதா? இல்லை.
இருமல்? மழைக்காலத்தில், எல்லோரையும் போல.
சீழ்க்கட்டி போடும்; காய்ச்சல் இல்லை.
எச்ஐவி முற்றிய உடம்பில்
பூனையிடமிருந்து வந்த கிருமி போடும்,
பெரும்பாலும் ஒன்றோடு நிறுத்தாது;
சோதனைப் பட்டையில் ஒற்றைக் கோடுதான் விழுந்தது.
புற்றும் போடும். அதை நான் வாய்விட்டுச் சொல்வதில்லை.
இருபதைத் தாண்டி, கரடுமுரடாய், கொத்தாய் இருந்தால்
காசநோய்ப் பக்கம் சாயலாம்.
சாயத்தான் முடியும். உட்கார முடியாது.

மெலிதாக மறுபடி வெட்டிப் பார்த்தேன்.
ஏழாவது துண்டில் இல்லை.
எட்டாவதில்
வளையத்தின் ஓரமாக ஒரு குருணை.
ஒன்பதாவதில் இல்லை.
எட்டாவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
புழுவின் தலையா,
புழுவாக இருக்கட்டும் என்ற என் ஆசையா?

"பன்றிக்கறி?"
முகம் சுருங்கியது.
"நாங்கள் சனிக்கிழமைச் சபை.
பிறந்ததிலிருந்து தொட்டதில்லை."

கறி தின்றால் புழு குடலில் வளரும், அமாயி.
மூளைக்குப் போவது முட்டையிலிருந்து வருவது.
முட்டை கறியில் இல்லை;
குடலில் புழு வளர்க்கிறவரின்
கழுவாத விரல்நுனியில்.
உங்கள் வீட்டுக் குடத்தில் யார் யார் மொள்ளுவார்கள்?

பதில் சொல்லவில்லை. கதவைப் பார்த்தாள்.

கதவுக்கு வெளியே திசியென்ஜி, கணவனின் தம்பி.
சந்தையில் பன்றி வாங்கி வெட்டுபவன்.
நாக்கை இழுத்துக் கட்டைவிரலால் தடவி
ஜவ்வரிசி நெரடினால் பாதி விலை பேசுபவன்.
பேசி வாங்கியதைப் பிறருக்கு விற்க மனமில்லாமல்
தானே தின்பவன்.

அன்று வாசல் கலைந்தபோது
கலையாமல் நின்றவனும் அவன்தான்.
அடுப்பிலிருந்து அவளை வாரியெடுத்த உள்ளங்கைகளில்
கொப்புளத் தழும்பு இன்னும் இளஞ்சிவப்பு.
வழிநெடுக மூட்டைகளுக்கு நடுவே
அவள் தலை அவன் மடியில் இருந்தது.

தொட்டால் வரும் என்று ஓடியவர்கள் சொன்னது தவறு.
முழுக்கத் தவறு என்று சொல்ல
எனக்கு வாய் வரவில்லை.

வலிப்பு மாத்திரை இன்றே தொடங்கலாம்.
புழுவுக்கான மருந்து,
கண்ணுக்குள் ஒன்று குடியில்லை என்று பார்த்த பிறகு.
மூன்று மாதத்தில் வளையம் சுருங்கினால்
எட்டாவது துண்டை நம்புவேன்.
அதுவரை படிவத்தில் பென்சில்தான்,
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

வெளியே போய் அவனிடம் சின்ன பாட்டிலை நீட்டி
நாளைக் காலை எதைக் கொண்டுவர வேண்டுமென்று சொன்னேன்.
"எனக்கு எதற்கு? நோவு அவளுக்கல்லவா."
சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன்.
மூடியைத் திருகித் திறந்தான், மூடினான், திறந்தான்.
தன் கைகளை
வேறு யாருடையவோ போலப் பார்த்தான்.

பிறகு, கழுவ எங்கே என்று கேட்டான்.
காட்டினேன்.

குழாயில் அன்று தண்ணீர் இல்லை.